வெட்டுக்கு எதிர்ப்புறம்

மருமகள் பொற்கொடி போனை வைத்துவிட்டாள். அவள் கேட்டது மட்டும் போகாமல் தமயந்தியின் காதுக்குள் உட்கார்ந்துகொண்டது. "அத்தை, டாக்டரம்மா கேக்கறாங்க, அவருக்குக் காது பிறவியிலயே கேக்காதா, இல்ல பின்னாடி போனதான்னு. பிறவின்னா எனக்கு ஒரு ரத்த டெஸ்ட் எடுக்கணுமாம், குழந்தை பிறந்ததும் அதுக்கும் காது பாக்கணுமாம். பின்னாடி வந்ததுன்னா ஒண்ணும் வேண்டாமாம். சரியா கேட்டுட்டு வான்னு வெளிய உக்கார வச்சிருக்காங்க. அவருக்கு மெசேஜ் போட்டேன், அம்மாவைக் கேளுன்னு ஒரே வரி." ஜுரம்தாம்மா, ஜுரத்துல போனது. இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஊர்க்காரர்களுக்கும் உறவுக்காரர்களுக்கும் சொன்னதுதான். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது சொன்னதுதான். பெண் கேட்கப் போன இடத்தில் பொற்கொடியின் அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டபோது, "பிறவி இல்லீங்க, பயப்படாதீங்க, ஜுரம்" என்று தலை நிமிர்ந்து சொன்னதுதான். இன்றைக்கு மட்டும் நாக்கு ஒரு கணம் எங்கோ தடுக்கி, "இரும்மா, ஆள் நிக்கறாங்க, பாத்துட்டுக் கூப்பிடறேன்" என்று சொல்லிவிட்டது. ஆள் நின்றது பொய்யில்லை. மேசைக்கு முன்னால் சங்ககிரி லாரிக்காரர் சடையப்பன் கைக்குட்டையை விரித்து, அதில் காசுகளைக் குவித்து வைத்துக்கொண்டு, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வயிற்றில் இருக்கிற குழந்தை ஆணா பெண்ணா என்று கேட்க வந்தவரைப் போன்ற பார்வை.

ஆடி மாதம் என்பதால் மண்டபத்தில் கல்யாணம் கிடையாது. வாடகை குறைவு. அதனால் வருஷா வருஷம் சேலத்துக் காசு சேகரிப்பவர்கள் ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கூடத்தை எடுத்துக்கொள்வார்கள். இலை போடும் நீள மேசைகள், அதன்மேல் பந்திக்கு விரிக்கிற அதே வெள்ளைக் காகிதச் சுருள், இலை இருக்க வேண்டிய இடத்தில் காசுகள். சுவரில் எப்போதோ தெறித்த ரசத்தின் மஞ்சள். தண்ணீர் ஊற்றிக் கழுவினாலும் போகாத சாம்பார் வாடை. அவள் கணவர் அறவாழி உயிரோடு இருந்தவரை இந்த மூலை மேசை அவருடையது. மின்வாரியத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த மனுஷனுக்கு இங்கே ஒரு நீதிபதியின் மரியாதை. நாணயச்சாலையிலேயே பிழையாகப் பிறந்த காசா, வெளியே வந்தபிறகு அடிபட்டுக் கெட்ட காசா என்று அவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. அவர் போய் நாலு வருஷத்தில் அந்த நாற்காலியில் அவளை உட்கார வைத்துவிட்டார்கள். "அறவாழி சார் வீட்டம்மா சொன்னா சரிதாங்க" என்றார்கள். முதலில் கூசியது. பிறகு பழகிவிட்டது. தீர்ப்புச் சொல்வது அவளுக்குப் புதிதா என்ன. பக்கத்து மேசையில் மகன் இளம்பரிதி ஆல்பங்களைத் திறந்து வைத்துக்கொண்டு, வந்தவர்களிடம் விரலாலும் கால்குலேட்டராலும் பேசிக்கொண்டிருந்தான். கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்க்கிறான், அப்படியே அவர்தான். இன்னும் மூன்று மாதத்தில் அப்பா ஆகப்போகிறவன், பின்மண்டையில் அதற்குள் நரை. அம்மாவைக் கேளு. ஏன் அம்மாவைக் கேட்க வேண்டும், அவனுக்கே தெரியாதா? எத்தனை தடவை அவன் கையைப் பிடித்துச் சொல்லியிருக்கிறாள், நெற்றியில் கைவைத்துக் காட்டி, பிறகு காதைத் தொட்டு, பிறகு அப்பாவின் நாற்காலியைச் சுட்டி.

"மொதல்ல இதப் பாருங்கம்மா" என்று சடையப்பன் ஒரு ஐந்து ரூபாயைத் தள்ளினார். "எழுத்தெல்லாம் வீங்கியிருக்கு பாருங்க. மின்ட்ல ரெண்டு தடவ அடிச்சிருப்பான்." தமயந்தி அதை ஒரு புரட்டுப் புரட்டினாள். "தண்டவாளம்" என்றாள். "ரயில் ஏறினது." அடுத்த மேசை ஜெபராஜ் தலையைத் தூக்காமல், "அண்ணன் லாரிய விட்டே ஏத்தியிருப்பாரும்மா" என்றான். "நீ சும்மா இருப்பா" என்று சொல்லிவிட்டு சடையப்பன் அடுத்ததைத் தள்ளினார். கறுத்துப்போய் ஒரு பக்கம் அரித்த இரண்டு ரூபாய். "பேட்டரித் தண்ணி பட்டிருக்குங்க. உங்க வண்டி டூல்பாக்ஸ்ல கெடந்ததா?" "அட, எப்படிக் கண்டுபுடிச்சீங்க?" எப்படி. அடிபட்ட காசு எதையாவது இழந்திருக்கும், அல்லது எதையாவது சுமந்துகொண்டிருக்கும். கீறல் எழுத்தின்மேல் ஓடினால் எழுத்துக்குப் பிறகு வந்தது. அமிலம் தின்றால் மேட்டைத்தான் முதலில் தின்னும். சுத்தியல் விழுந்தால் விழுந்த பக்கம் பள்ளமாகும், மறுபக்கம் சொல்லிவிடும். எல்லாக் கெடுதலுக்கும் ஒரு நேரமும் ஒரு கையும் உண்டு. கையைக் கண்டுபிடித்துவிட்டால் அது டேமேஜ். அவளுக்கு அது எப்போதுமே வந்தது, கையைக் கண்டுபிடிப்பது. அறவாழி லென்ஸை எடுத்து நிதானமாகத் துடைப்பதற்குள் அவள் எட்டிப் பார்த்து, "இது யாரோ செஞ்சதுங்க" என்பாள். அவர் சிரித்துக்கொண்டு, "உனக்கு எல்லாமே யாரோ செஞ்சதுதான்" என்பார். அதில் குத்தல் இருந்ததா? இருந்ததாக அப்போது நினைத்தாள். இரண்டு நாள் பேசாமல் இருந்ததாகக்கூட ஞாபகம்.

இளம்பரிதி அப்போது கைக்குழந்தை. சித்திரை மாதம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பாங்க்கிலிருந்து ஒரு பை சில்லறை மாற்றி வந்து கூடத்துத் தரையில் கொட்டி, அதன் நடுவில் அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். சிமெண்டுத் தரையில் காசுகளின் சத்தம். குழந்தைக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. வெளியே தார் உருகுகிற வெயில், சேலத்து வெயில், மலைகள் நாலு பக்கமும் நின்று உள்ளே பிடித்து வைத்துக்கொள்கிற வெயில். "இப்ப இந்த வெயில்ல தூக்கிட்டுப் போனா இன்னும் ஏறும். வெயில் தாழட்டும், போகலாம்" என்றார். வெயில் தாழ்வதற்குள் குழந்தைக்கு வலிப்பு வந்துவிட்டது. கண் மேலே செருகி, கை முறுக்கி, வாயில் நுரை. தூக்கிக்கொண்டு ஓடினார்கள். காசுகளை மிதித்துக்கொண்டு ஓடியதில் அவள் பாதத்தில் ஒரு பத்துப் பைசா ஒட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி வரை வந்தது. வெயில் தாழட்டும். பிறகு அந்த இரண்டு சொற்களை அவள் எத்தனை விதமாகச் சொல்லியிருக்கிறாள். காய் வாங்கிவரத் தாமதமானால், "வெயில் தாழட்டும்னு நின்னுட்டீங்களா?" குழாய் ரிப்பேரானால், "வெயில் தாழட்டும், அப்புறம் பாப்பீங்க." அவர் ஒரு தடவைகூட எதிர்த்துப் பேசவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து போவார். கடைசி வருஷத்தில் ஒரு மத்தியானம் நெஞ்சு ஒரு மாதிரி அடைக்கிறது என்றார். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள் திரும்பாமலே, "வெயில் தாழட்டும்" என்றாள். அது தன்னால் வந்ததா, வேண்டுமென்று வந்ததா? அன்றைக்கு ஒன்றுமில்லை, வாயுதான், மோர் குடித்ததும் சரியாகிவிட்டது. ஆனால் அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை இன்னும் லென்ஸுக்கு அடியில் வைக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"இது கடைசிங்கம்மா. டோல்கேட்ல பாக்கியாக் குடுத்தான்" என்று சடையப்பன் அந்த ஒரு ரூபாயை அவள் உள்ளங்கையில் வைத்தார். ஓரத்தில் பிறைபோல ஒரு கடி. வளர்பிறையின் மூன்றாம் நாள் அளவுக்கு. "இதெல்லாம் வெட்டறதுங்க" என்று அவள் உடனே சொன்னாள். "வீடியோ பாத்துட்டு வட்ட அரத்தால தேய்ச்சுக் கொண்டாந்து விக்கறாங்க." ஜெபராஜ், "அண்ணே, ஆட்டுக்குட்டி கடிச்சதா?" என்றான். சடையப்பன் சுருங்கிப்போனார். "எங்க வீட்லயும் இப்படித்தான் சிரிக்கறாங்க. நீங்க ஒரு தடவ கண்ணாடிய வச்சுப் பாத்துட்டாவது இல்லன்னு சொல்லுங்களேன்." பார்க்காமலே சொல்லிவிட்டோம் என்பது அப்போதுதான் உறைத்தது. லென்ஸைக் கண்ணருகே கொண்டுபோனாள். காசு பெரிதாகி ஒரு மைதானம்போல் விரிந்தது. வெட்டின் விளிம்பில் அரத்தின் வரிகள் இருக்கின்றனவா? இல்லை. வழவழப்பு. அதனால் என்ன, தேய்த்த பிறகு மெருகு போடத் தெரிந்தவன் இருப்பான். வெட்டையே உற்றுப் பார்த்தாள். அப்படி உற்றுப் பார்க்கும்போது அவர் தோளைத் தட்டுவார். "வெட்டைப் பாக்காத தமயந்தி. வெட்டு எல்லாப் பொய்யும் சொல்லும். அதுக்கு நேர் எதிர்ல பாரு." பூரி மாவை விரித்து டம்ளரைக் கவிழ்த்து வட்டம் வட்டமாக வெட்டி அவர் காட்டிய ஞாயிற்றுக்கிழமை. முதல் வட்டம் எடுத்த ஓட்டையின்மேல் டம்ளர் கொஞ்சம் ஏறி விழுந்தால் அடுத்த பூரியில் ஒரு பிறை குறையும். காசுத் தகடும் அப்படித்தான், தகடு நகராமல் நின்றால். அப்படிக் குறையோடு பிறந்த வில்லைக்கு ஓரம் எழுப்புகிறபோது இயந்திரம் இரண்டு பக்கமும் நெருக்கும், குறை இருக்கிற இடத்தில் நெருக்க ஒன்றுமில்லை, அதனால் அதற்கு நேர் எதிரே ஓரம் சரியாக எழும்பாது. மெலிந்து, மழுங்கி, இருக்கிறதா இல்லையா என்று இருக்கும். பின்னால் வெட்டினவனுக்கு வெட்டத்தான் தெரியும். எதிர்ப்புறத்தை மெலிய வைக்கத் தெரியாது. காயம் ஒரு இடத்தில் இருக்கும், சாட்சி இன்னொரு இடத்தில்.

வெளியே மாரியம்மன் கோயிலில் வேட்டு வெடித்தது. மண்டபமே ஒரு தரம் தூக்கிப்போட்டது. ஜெபராஜின் கையிலிருந்த காசு காகிதத்தின்மேல் உருண்டது, யாரோ "ஆத்தா" என்றார்கள், தமயந்தியின் லென்ஸ் மூக்கில் இடித்தது. இளம்பரிதி மட்டும் தலையைச் சாய்த்து ஒரு பழைய அணாவைக் கவருக்குள் நுழைத்துக்கொண்டிருந்தான். இப்படி அவனைப் பார்ப்பது அவளுக்குப் பழக்கம்தான், எல்லாரும் அதிரும்போது அதிராத அந்தத் தோள்கள், எத்தனை ஆடி, எத்தனை தீபாவளி. தீபாவளி. முதல் தீபாவளி. ஆவணியில் பிறந்த குழந்தை ஐப்பசியில் எவ்வளவு இருக்கும், இரண்டு கைக்குள் அடங்கும். ஆத்தூரில் அம்மா வீடு. பக்கத்து வீட்டுப் பையன்கள் ஜன்னலுக்குக் கீழே சரவெடியைக் கொளுத்திவிட்டார்கள். வீடு முழுக்கப் புகை. அவள் அடுப்படியிலிருந்து, ஐயோ குழந்தை என்று எண்ணெய்க் கையோடு ஓடிவந்தாள். தூளிக்குள் அவன் தூங்கிக்கொண்டிருந்தான். விரல் வாயில். இமைகூட அசையவில்லை. அம்மா வந்து பார்த்தாள், எதிர்வீட்டு மங்கையர்க்கரசி வந்து பார்த்தாள். "தங்கமான புள்ளைடி, ஊரே வெடிச்சாலும் எந்திரிக்க மாட்டான். என் வயித்துலயும் பொறந்துருக்கே" என்றாள் மங்கையர்க்கரசி. தமயந்திக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையை வருஷக்கணக்காகச் சொல்லியிருக்கிறாள், நல்ல குழந்தையாக இருந்தான், சத்தத்துக்கு அழவே மாட்டான் என்று. நல்ல ஞாபகங்களின் பக்கம் அதைப் போட்டு வைத்திருந்தாள். ஜுரத்தின் பக்கத்தில் அதை வைத்துப் பார்த்ததே இல்லை. ஜுரம் சித்திரையில். தீபாவளி அதற்கு முந்தின ஐப்பசியில்.

காசு கையில் சூடாகிவிட்டிருந்தது. கடியை விட்டுவிட்டு லென்ஸை எதிர்ப்புறத்துக்கு நகர்த்தினாள். நகர்த்தும்போதே அவளுக்குத் தெரியும். ஓரம் அங்கே மெலிந்து, கரையாமல் கரைந்து, இருந்தும் இல்லாமல். இன்னும் ஒன்று இருந்தது அந்தத் தீபாவளியில். இரு, இரு, அவசரப்படாதே. எல்லாரும் போனபிறகு அவர் உள்ளே வந்தார். கையில் ஊதுவத்தி, அணைந்தது. தூளியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, ஆமாம், பிறகு ஒரு டம்ளரையும் கரண்டியையும் எடுத்துவந்து குழந்தையின் தலைமாட்டில் நின்று தட்டினார். முதலில் மெதுவாக. அப்புறம் பலமாக. "தூங்குற புள்ளைய எதுக்கு எழுப்பறீங்க, வேற வேலை இல்லையா?" என்று அவள் கத்தினாள். "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கொண்டுபோய் வைத்தார். ஒண்ணுமில்ல. அவருக்கு அன்றைக்கே தெரிந்திருந்தது. அல்லது சந்தேகம். அல்லது அவளாக இப்போது அந்த டம்ளரை அவர் கையில் வைக்கிறாளா? மனசு எதையும் வெட்டும், எதையும் மெருகு போடும். இல்லை, கரண்டியின் காம்பு வளைந்திருந்தது, அம்மா வீட்டு ரசக்கரண்டி, அது அவளால் கற்பனை செய்யக்கூடியதில்லை. குழந்தைக்குக் காது கேட்கவில்லை என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டு வந்த நாளில் மாமியார் வாயைத் திறந்தாள். "இவ மாமன் தங்கவேலும் அப்படித்தானே, ஊமையன்னு ஊரே கூப்பிட்டுது, அந்த வழிதான்..." அவள் முடிக்கவில்லை. அவர் குறுக்கே விழுந்தார். "இல்லம்மா. ஜுரம். நான்தான் வெயில் தாழட்டும்னு உக்காந்துட்டேன். என் தப்பு." முதலில் சொன்னது அவர்தான். அவள் இல்லை. அவர் நீட்டினார், அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். வாங்கி, திரும்பத் திரும்ப அவர்மேலேயே எறிந்தாள். ஒரு சிநேகிதனுடைய காசுக்குக்கூடப் பொய்த் தீர்ப்புச் சொல்லாத மனுஷன். அதனாலேயே சிநேகிதம் இழந்த மனுஷன். தன் வீட்டில் மட்டும் ஒரு பொய்த் தீர்ப்பைச் சொல்லிவிட்டு, அதற்குக் கீழேயே உட்கார்ந்து, அவள் பரிமாறினதைச் சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார். தங்கவேலு மாமாவைப்பற்றி அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் பேசவே இல்லை. அவளும்தான் பேசவில்லை. பொற்கொடிக்கு அப்படி ஒரு மாமா இருந்ததே தெரியாது.

"என்னம்மா, டேமேஜ்தானா?" என்றார் சடையப்பன், பாதி எழுந்துகொண்டே. "இல்லைங்க" என்று தமயந்தி சொன்னாள். குரல் வேறு யாருடையதோ போல் இருந்தது. "நிஜம். பொறக்கும்போதே இப்படித்தான்." சடையப்பன் மறுபடி உட்கார்ந்துவிட்டார். ஜெபராஜைப் பார்த்து, "கேட்டியாடா, ஆட்டுக்குட்டி" என்றார். பிறகு காசை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, குழந்தைபோல, "அப்ப இது யாரு பண்ணுன தப்புங்க?" என்று கேட்டார். "யார் தப்பும் இல்லைங்க. தகடு நகரலை. அவ்வளவுதான்." "யாருமே இல்லையா?" "யாருமே இல்லை." அவருக்கு அது போதவில்லை என்று முகம் சொன்னது. யாருக்குத்தான் போதும். யாரும் செய்யாத ஒன்றை எங்கே கொண்டுபோய் வைப்பது? கை இருந்தால் பிடிக்கலாம், திட்டலாம், மூன்று வேளையும் சோற்றோடு சேர்த்துப் போடலாம். இத்தனை வருஷம் அவளுக்கு ஒரு கை இருந்தது, காசுகளுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த ஒரு கை. இப்போது அதை விட்டுவிட்டால் பொற்கொடியின் வயிற்றுக்குள் இருக்கிற அந்த ஒன்றுமறியாத உயிருக்கு அல்லவா போய்ச் சேர்கிறது. ஜுரம் என்றால் எல்லாம் இங்கேயே முடிந்துவிடும். அவர் பழியோடு, இவள் கோபத்தோடு, பழைய வெயிலோடு. அந்தப் பெண் நிம்மதியாக வீட்டுக்கு வருவாள். அது மட்டும் போதாதா? போதாது. குழந்தை பிறந்து, அதுவும் சத்தத்துக்கு அழாமல், தங்கமான புள்ளை என்று இன்னொரு மங்கையர்க்கரசி சொல்லி, பொற்கொடியும் பெருமைப்பட்டு, மாதங்கள் போய், பிறகு அவளும் ஒரு கையைத் தேட ஆரம்பிப்பாள். கிடைக்கிற முதல் கை இளம்பரிதியுடையதாக இருக்கும்.

போனை எடுத்தாள். ஒரே மணியில் பொற்கொடி எடுத்துவிட்டாள். பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம், யாரையோ பெயர் சொல்லி அழைக்கிறார்கள். "பிறவிதாம்மா" என்றாள் தமயந்தி. "ஜுரம் இல்ல. நான் சொன்னது தப்பு. கைக்குழந்தையிலயே கேக்கலை. எங்கம்மாவோட தம்பி ஒருத்தர், தங்கவேலுன்னு பேரு, அவருக்கும் கேக்காது. அதையும் டாக்டரம்மாகிட்டச் சொல்லு. ஒண்ணையும் விடாத." அழுகை வரும், அல்லது கோபம் வரும், ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்பாள் என்று காதை இறுக்கிக்கொண்டாள். "சரி அத்தை" என்றாள் பொற்கொடி. நிதானமாக இருந்தது. "அவரும் கல்யாணத்துக்கு முன்னாடியே அப்படித்தான் எழுதிக் காட்டினார். நீங்க ஜுரம்னு சொன்னீங்க. அவர், அம்மா சொல்றபடியே இருக்கட்டும்னார். அதான் இன்னிக்கு உங்களையே கேக்கச் சொன்னார்போல. வரட்டுமா, கூப்பிடறாங்க." போன் அணைந்த பிறகும் தமயந்தி அதைக் காதிலேயே வைத்திருந்தாள். சடையப்பன் எப்போது போனார் என்று தெரியவில்லை. இளம்பரிதி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் உதடுகளைப் படித்திருப்பான், எல்லாவற்றையும். எழுந்து வந்து மேசைக்கு அந்தப் பக்கம் நின்றான். அவள் விரலால் அவனைச் சுட்டி, காதைத் தொட்டு, பிறகு என்ன காட்டுவது என்று தெரியாமல், குழந்தையைக் கையில் ஏந்துவதுபோல் கைகளைச் சேர்த்தாள். அவன் தலையசைத்தான். தெரியும். யார் சொன்னது? அவன் மேலே, கூரைக்கு அப்பால் எங்கோ காட்டினான். அப்பா. பிறகு ஒரு விரலை உதட்டில் வைத்து, அவளைச் சுட்டி, இல்லை என்று கையை ஆட்டினான். அம்மாவிடம் சொல்லாதே என்றார். எப்போது? அவள் கை காட்டியது அவனுக்குப் புரியவில்லை, மறுபடி கேட்டாள். எப்போது சொன்னார்? இளம்பரிதி கொஞ்சம் யோசித்தான். பிறகு உள்ளங்கையைக் கீழ்நோக்கி விரித்து, தன் இடுப்புக்குச் சற்று மேலே, மேசையின் விளிம்புக்கு ஒரு முழம் உயரத்தில், காற்றில் நிறுத்திக் காட்டினான். அவ்வளவு உயரம் இருக்கும்போது.